கரண்டியிலிருந்து களைக்கொத்து வரை: குழந்தை கையில் கருவியைக் கொடுக்கும் வரிசை

9 மாதம் முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகளை வீட்டிலோ அங்கன்வாடியிலோ பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழனி மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கமெல்லாம் அம்மா தோட்டத்துக்குப் போனால் பிள்ளையும் கூடவே போகும். வரப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கை எட்டும் தூரத்தில் களைக்கொத்தும் பன்னரிவாளும் கிடக்கும். நாம் கொடுக்காவிட்டாலும் ஒரு நாள் அதுவே எடுத்துவிடும். அதற்கு முன்னால் வரிசையாகப் பழக்கிவிட வேண்டும்.

பெரியவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். கருவியை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு அழுத்துவது என்பதைக் குழந்தையின் கை தானாகவே கண்டுகொள்ளும். அந்தக் கருவி எதற்கு, முதலில் என்ன, அப்புறம் என்ன என்பதை நாம்தான் செய்து காட்ட வேண்டும். வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. விரல்களைப் பிடித்துப் பிடித்துத் திருத்துகிறோம். வேலையைக் காட்டாமல் வாயால் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். கீழே வரும் எல்லாப் படிகளும் இதைச் சரிசெய்யத்தான்.

வயதுகள் தோராயமானவை. இரண்டு மூன்று மாதம் முன்னே பின்னே இருந்தால் கவலை வேண்டாம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

கை சூடாக இருக்க வேண்டும். மார்கழி, தையில் மேல்மலையில் விடிகாலையில் புல் மேல் உறைபனி படிந்திருக்கும். குளிரில் விறைத்த விரலில் உணர்ச்சி குறையும், பிடியும் தளரும். வெயில் நன்றாக ஏறிய பிறகு, கையை வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஸ்வெட்டர் கையை முழங்கை வரை சுருட்டி விடுங்கள். தொங்கும் கம்பளி, கருவியின் பிடிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் போய் வழுக்கும். கத்தரிக்கோலில் மாட்டுவதும் இதுதான்.

உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். கால் தொங்கினால் உடம்பு ஆடும். உடம்பைத் தாங்கவே ஒரு கை போய்விடும், கருவிக்கு ஒரு கைதான் மிஞ்சும். உயரமான நாற்காலியை விடத் தரையும் குட்டைப் பலகையும் மேல்.

கருவி உண்மையிலேயே வேலை செய்கிற கருவியாக இருக்கட்டும். விளையாட்டுக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் கத்தி வெட்டாது. வெட்டவில்லை என்று பிள்ளை இன்னும் அழுத்தும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கும்போது பிள்ளைக்குக் கத்தி மேல் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்த மரியா மாண்டிசோரி, பிள்ளையின் கைக்கு ஏற்ற அளவில் உண்மையான பாத்திரமும் துடைப்பமும் வேண்டும் என்றுதான் வலியுறுத்தினார்.

அளவைப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பிள்ளை பிடியைச் சுற்றிப் பிடிக்கும்போது கட்டைவிரல் நுனி சுட்டுவிரலைத் தொட வேண்டும். தொடாவிட்டால் பிடி தடிமன் அதிகம். கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சின்னக் களைக்கொத்து வாங்கி, காம்பை மட்டும் தச்சரிடம் கொடுத்துக் குட்டையாகவும் மெலிதாகவும் மாற்றிக்கொள்ளலாம்.

மண் வேலைக்குப் போகும் முன் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். டிபிடி ஊக்கத் தடுப்பூசி 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று, 5 முதல் 6 வயதுக்குள் இன்னொன்று. ரணஜன்னியை (டெட்டனஸ்) தடுப்பது இதுதான். தோட்டத்து மண்ணில் கை கீறுவது சகஜம் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

2. தட்ட விடுங்கள் (9 மாதம் முதல்)

கையில் எது கிடைத்தாலும் பிள்ளை தரையில் தட்டும். அப்பத்தா, அம்மாச்சி எல்லோரும் சத்தம் பொறுக்காமல் பிடுங்கி வைப்பார்கள். பிடுங்கக் கூடாது. கையின் வேகம் ஒரு பொருள் வழியாக இன்னொரு பொருளுக்குப் போய்ச் சேருவதைப் பிள்ளை முதன்முதலில் உணர்வது இந்தத் தட்டலில்தான். பின்னால் சுத்தியல் பிடிக்கும் கையும் இதே அசைவைத்தான் எடுத்துக்கொள்ளும்.

மரக்கரண்டி, எவர்சில்வர் டம்ளர், ஒரு துணிப்பந்து கொடுங்கள். பலகை, தகரம், மடித்த போர்வை மூன்றையும் பக்கத்தில் வையுங்கள். கொஞ்ச நாளில் போர்வையை விட்டுவிட்டுப் பலகையையே தேடித் தட்டும். எதை எதன் மேல் தட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டது என்று அர்த்தம். இதற்குச் செய்து காட்டவே தேவையில்லை.

3. கரண்டி: பிடியைத் திருத்தாதீர்கள் (10 முதல் 20 மாதம்)

முதலில் கெட்டியான சாப்பாடு. கேப்பைக் கூழ் கெட்டியாக, அல்லது குழைந்த பொங்கல். கரண்டி சாய்ந்தாலும் ஒட்டிக்கொண்டு இருக்கும், வாய்க்குப் போய்ச் சேரும். ரசம் சாதத்தில் தொடங்கினால் எல்லாம் வழியிலேயே கொட்டிவிடும். என்ன செய்தாலும் ஒன்றுதான் என்று பிள்ளை கரண்டியை எறிந்துவிடும்.

இரண்டு கரண்டி வையுங்கள், பிள்ளைக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. பசி மிஞ்சிப் போகாமல் நீங்கள் ஊட்டலாம். பிள்ளையின் கரண்டியைப் பிடுங்கவும் வேண்டியிருக்காது.

கரண்டியை மேசையில் வைக்கும்போது காம்பை ஒரு நாள் வலப்பக்கமாகவும் ஒரு நாள் இடப்பக்கமாகவும் வையுங்கள். அமெரிக்காவில் மெக்கார்ட்டி, கிளிஃப்டன், கொலார்டு என்ற மூவர் 1999-ல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் செய்து பார்த்தார்கள். 9 மாதப் பிள்ளைகள் காம்பு எந்தப் பக்கம் இருந்தாலும் வழக்கமான கையாலேயே எடுத்தன. பல நேரம் காம்பு நுனிதான் வாய்க்குப் போனது. 14 மாதத்தில் அப்படித் தப்பாக எடுத்தாலும், வாய்க்குப் போகும் முன் கண்டுபிடித்துத் திருப்பிக்கொண்டன. 19 மாதத்தில் எடுப்பதற்கு முன்னாலேயே எந்தக் கையால் எடுப்பது என்று முடிவு செய்துவிட்டன.

தப்பாக எடுத்து, வாய் வரை போய், திருப்பி, அடுத்த முறை முன்கூட்டியே சரியாக எடுப்பது: பிள்ளை நடந்து வர வேண்டிய பாதை இது. காம்பை எப்போதும் சரியான பக்கமாகத் திருப்பி வைத்துக் கொடுக்கும் அன்பான பாட்டி, இந்தப் பாதையைத் தெரியாமலே அடைத்துவிடுகிறார்.

இடது கை விஷயம். கைப்பழக்கம் பல பிள்ளைகளுக்கு 3, 4 வயதுக்கு மேல்தான் நிலைக்கும். அதற்கு முன் இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். "சாப்பிடுற கை இது இல்ல" என்று தட்டிவிடுவது நம் வீடுகளில் சாதாரணம். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். கருவியில் இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. இடக்கைப் பிள்ளையை வலக்கையில் கத்தி பிடிக்க வைத்தால், வலிமையும் கட்டுப்பாடும் குறைந்த கையில் கூர்மையைக் கொடுக்கிறோம்.

4. எட்டாததை இழுக்கும் கோல் (18 மாதம் முதல்)

ஒரு பொருளைக் கொண்டு இன்னொரு பொருளை அசைக்கலாம் என்று பிள்ளை பிடித்துக்கொள்ளும் படி இது. ஒரு முழக் குச்சியின் நுனியில் குறுக்குக் கட்டை ஒன்று அடித்துக்கொள்ளுங்கள். இழுக்க ஒரு பேரிக்காய் போதும்.

முதலில் பேரிக்காயைக் குறுக்குக் கட்டைக்கு உள்ளே, ஒட்டினாற்போல வையுங்கள். குச்சியை இழுத்தாலே பழம் வந்துவிடும். அது பழகியதும் கட்டைக்கும் பழத்துக்கும் நடுவில் இடைவெளி விடுங்கள். கடைசியில் குச்சியைத் தனியாகவும் பழத்தைத் தனியாகவும் வையுங்கள்.

பலரும் கடைசிப் படியிலேயே தொடங்கிவிட்டு, பிள்ளைக்குப் புரியவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். பாரிசில் ஜாக்குலின் ஃபகார்டும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2012-ல் வெளியிட்டதும் இதேதான். பொருளும் கோலும் தொட்டுக்கொண்டிருந்தால் சின்னப் பிள்ளைகளாலும் முடிந்தது. இரண்டும் பிரிந்திருந்தால் ஒன்றரை வயதுக்கு மேல்தான் வந்தது. செய்து காட்டுவதால் பயன் கிடைப்பதும் கிட்டத்தட்ட அந்த வயதிலிருந்துதான். அதனால் 18 மாதத்துக்கு முன் காட்டிக் காட்டிக் களைத்துப்போக வேண்டாம்.

5. செய்து காட்டுவது எப்படி

இந்த ஒரு படியில் நிதானமாக இருந்தால் மற்ற எல்லாம் எளிது.

பிள்ளைக்கு எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். எதிரே இருந்தால் உங்கள் கை அதன் கண்ணுக்குத் திரும்பித் தெரியும். பக்கத்தில் இருந்தால் உங்கள் கை இருக்கிற மாதிரியே அதன் கையும் இருக்கும்.

கை வேலை செய்யும்போது வாய் பேசக் கூடாது. பேசினால் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். சொல்ல வேண்டியதை முதலிலேயே ஒரு வரியில் சொல்லிவிட்டு, அப்புறம் மௌனமாக, மெதுவாக, முழு வேலையையும் ஒருமுறை செய்து முடியுங்கள்.

உங்கள் கையில் தேவையில்லாத அசைவு எதுவும் இருக்கக் கூடாது. 2005-ல் வெளியான ஹார்னர், வைட்டன் ஆய்வில் ஒரு பெட்டியைக் குச்சியால் திறந்து காட்டினார்கள். நடுவில் தேவையே இல்லாத தட்டல்களையும் சேர்த்தார்கள். பெட்டி கண்ணாடி மாதிரி உள்ளே தெரிவதாக இருந்தபோது, உகாண்டாவில் இருந்த சிம்பன்சிகள் அந்த வீண் தட்டலை விட்டுவிட்டன. ஸ்காட்லாந்தின் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் அதையும் சேர்த்தே செய்தார்கள்.

பிள்ளைகள் முட்டாள்தனமாகச் செய்யவில்லை. பெரியவர் செய்தால் அதில் காரணம் இருக்கும் என்று நம்பிச் செய்கிறார்கள். கொத்துவதற்கு முன் சேலையை இடுப்பில் செருகிக்கொள்கிற பாட்டியைப் பார்த்த பிள்ளை, தன் கால்சட்டை இடுப்பைத் தட்டிக்கொண்டு அப்புறம் கொத்தும். கத்தியைப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வெட்டுவது உங்கள் பழக்கமா? அதுவும் போய்ச் சேரும். ஆகவே காட்டும் முன் தனியாக ஒருமுறை செய்து பாருங்கள், உங்கள் கை என்னென்ன செய்கிறது என்று.

"தானே கண்டுபிடிக்கட்டும், காட்டினால் சிந்தனை மழுங்கும்" என்று படித்தவர்கள் சிலர் சொல்வார்கள். பிடி விஷயத்தில் அது சரி. கருவி என்ன வேலைக்கு என்பதில் சரியில்லை. பர்மிங்காமில் சாரா பெக்கும் மற்றவர்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஒடுக்கமான குழாயின் அடியில் கைப்பிடி வைத்த சின்ன வாளியைப் போட்டுவிட்டு, வளையக்கூடிய நேரான கம்பியைக் கொடுத்தார்கள். கொக்கியாக வளைத்து வாளியைத் தூக்க வேண்டும். 5 வயது வரையுள்ளவர்களில் மிகச் சிலருக்குத்தான் அது தோன்றியது. வளைத்துக் காட்டியதும் அநேகமாக எல்லோரும் செய்துவிட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் பெட்டி (Betty) என்று பெயரிட்ட காகம் காட்டாமலே கம்பியை வளைத்தது உண்மைதான். காகத்துக்குத் தோன்றியது நம் பிள்ளைக்குத் தோன்றவில்லையே என்று வருந்த வேண்டாம். காட்டினால் ஒரே முறையில் பிடித்துக்கொள்வதுதான் நம் பிள்ளையின் பலம்.

காட்டி முடித்ததும் கருவியைக் கீழே வையுங்கள். கையில் திணிக்காதீர்கள். பிள்ளை தானாக எடுக்கும்போது உங்கள் கை உங்கள் மடியில் இருக்கட்டும்.

6. வெட்டும் வரிசை (2 வயது முதல்)

கிள்ளுவதும் கிழிப்பதும் முதலில். கீரை ஆய்வது, பட்டாணி உரிப்பது, பீன்ஸ் நுனி கிள்ளுவது. ஒரு கை பிடித்துக்கொள்ள மறு கை வேலை செய்வது இதில்தான் பழகும். அது பழகாத பிள்ளைக்குக் கத்தரிக்கோல் கொடுத்தால் காகிதத்தை யார் பிடிப்பது?

இரண்டரை வயது வாக்கில் கத்தரிக்கோல். தாளை இரண்டு விரல் அகலத்தில் நீளத் துண்டுகளாக்கிக் கொடுங்கள். ஒரே வெட்டில் துண்டாகி விழ வேண்டும். செய்தித்தாள் வேண்டாம், மெல்லிய தாள் இரண்டு அலகுக்கும் நடுவில் மடங்கிக்கொள்ளும். கல்யாணப் பத்திரிகை, பழைய காலண்டர் அட்டை நல்லது. அப்புறம் நேர்க்கோடு, வட்டம், மூலை. மூலை திரும்புவது பெரும்பாலும் 5 வயதுக்கு மேல்.

பிள்ளை உள்ளங்கையைக் கவிழ்த்து வெட்டும். விரலைத் திருப்பாதீர்கள். காகிதத்தை அதன் கண் உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். மேல்நோக்கி வெட்ட வேண்டி வரும்போது கட்டைவிரல் தானாக மேலே வந்துவிடும். இடக்கைப் பிள்ளைக்கு இடக்கைக் கத்தரிக்கோலே வேண்டும். மற்றதில் அலகுகள் இறுகாமல் விலகும், கோடும் மறையும்.

கத்தி 4 வயதுக்குப் பக்கத்தில். குட்டையான அலகு, தடித்த முதுகு. முதலில் மலைவாழைப்பழம், அடுத்து வேகவைத்த உருளைக்கிழங்கு, அடுத்து வேகவைத்த கேரட். எதையும் நீளவாக்கில் நீங்களே பிளந்து, தட்டைப் பக்கம் பலகையில் படும்படி வைத்துக் கொடுங்கள், உருளாமல் இருக்கும். தொடக்கத்தில் ஒரு கை பிடியில், மறு உள்ளங்கை கத்தி முதுகில் என்று அழுத்தச் சொல்லுங்கள். இரண்டு கையும் கத்தி மேலேயே இருந்தால் விரல் அலகுக்குக் கீழே போகாது. ஒரு கையால் காயைப் பிடிப்பது அதற்கப்புறம்.

எங்கள் ஊரில் எல்லோரும் செய்யும் தவறு, பச்சைக் கேரட்டைக் கொடுப்பது. கூடை கூடையாகக் கிடப்பதால் அதுதான் முதலில் கைக்கு வருகிறது. ஆனால் அது உருளும், கெட்டி, திடீரென்று விட்டுக்கொடுக்கும். வரிசையில் அதற்குக் கடைசி இடம்தான். வெட்டிய பச்சைக் கேரட் வில்லைகளைச் சின்னப் பிள்ளை வாயில் போடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

அருவாமனை இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். அதில் அலகு நிற்கும், கைதான் அலகை நோக்கிப் போக வேண்டும். கத்தியில் பழகியதற்கு நேர் எதிர்.

7. மண்ணில் (மூன்றரை வயது முதல்)

வெறும் கை, அப்புறம் கொட்டாங்கச்சி, அப்புறம் முளைக்குச்சி, அப்புறம்தான் களைக்கொத்து. மம்பட்டியும் பன்னரிவாளும் இந்த வழிகாட்டியின் வயதுக்குள் வராது.

இடம் பார்ப்பது முக்கியம். படிக்கட்டு மாதிரி இறங்கும் நம் தோட்டங்களில், கல் கட்டின் விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி உட்கார வையுங்கள். முகம் மேட்டுப் பக்கம் பார்த்திருக்கட்டும். பின்னால் சாய்ந்தாலும் விழாத அளவு இடம் வேண்டும். கீழ்ப் பாத்தியில் ஆள் இருக்கக் கூடாது, உருளும் கல் அங்கேதான் போகும்.

முழங்கால் போட்டுக் கொத்தச் சொல்லுங்கள். நின்றால் கொத்து இறங்கும் இடத்தில் பாதம் இருக்கும். முழங்கால் போட்டால் பாதம் பின்னால் போய்விடும். களைக்கொத்தோடு கையை நீட்டிச் சுற்றினால் எவ்வளவு தூரம் வருமோ, அந்த வட்டத்துக்குள் இன்னொரு பிள்ளை வரக் கூடாது. மண்ணில் ஒரு கோடு கிழித்துக் காட்டிவிடுங்கள். "தள்ளி உட்காரு" என்ற சொல்லை விட, கண்ணுக்குத் தெரியும் கோட்டைப் பிள்ளை மதிக்கும்.

முதலில் வெறும் பாத்தி கொடுங்கள். பூண்டுப் பாத்தியில் களை எடுக்க விட்டால், பூண்டுத் தாளுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் கொத்திவிடும். அப்பா சத்தம் போடுவார். அந்தச் சத்தம் பிள்ளை மனதில் களைக்கொத்தோடு சேர்ந்துவிடும். பயிரை அடையாளம் காண்பது தனிப் பாடம். அதைக் கையில் கருவி இல்லாதபோது சொல்லிக் கொடுங்கள்.

மண்ணின் ஈரம் பாருங்கள். மழை விட்ட உடனே கொத்தில் ஒட்டிக்கொண்டு கனக்கும். காய்ந்து போனால் கொத்து துள்ளும். உள்ளங்கையில் பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உதிர வேண்டும்.

மருந்து அடித்த பாத்திக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகவே கூடாது. மருந்து டப்பாவில் மண் அள்ளி விளையாடுவதைப் பார்த்தால் உடனே வாங்கி அப்புறப்படுத்துங்கள், எவ்வளவு கழுவியிருந்தாலும் சரி.

8. சுத்தியல் (4 வயது முதல்)

பைன் பலகை மெத்தென்று இருக்கும், அதில் தொடங்கலாம். பெரிய தலை உள்ள ஆணியைப் பாதி நீங்களே இறக்கிக் கொடுங்கள். பிள்ளை சுத்தியலைத் தலைக்குப் பக்கத்தில் பிடிக்கும். விடுங்கள், வீச்சு குறைந்து குறி தப்பாது. குறி பழகப் பழகக் கை தானாகக் கீழே இறங்கும். ஆணியைத் தானே நிறுத்தும் நிலை வந்ததும், விரலுக்குப் பதில் துணி கிளிப்பால் பிடிக்கச் சொல்லுங்கள்.

9. பெரியவர்கள் தடுமாறும் இடங்கள்

"பார்த்து, பார்த்து" என்பது. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். கேட்டதும் பிள்ளை கத்தியிலிருந்து கண்ணை எடுத்து நம்மைப் பார்க்கிறது. ஆபத்து என்றால் கருவி பிடித்த மணிக்கட்டைச் சத்தமில்லாமல் பிடித்து நிறுத்துங்கள். ஆபத்து இல்லை என்றால் பேச வேண்டாம்.

பிள்ளையின் கை மேல் நம் கையை வைத்துச் செய்வது. வேலை நடந்துவிடும், ஆனால் எவ்வளவு அழுத்தினோம் என்பது நம் கைக்குத்தான் தெரியும்.

பாதியில் பிடுங்கி முடித்துக் கொடுப்பது. அவசரம் இருக்கும் நாளில் தொடங்கவே வேண்டாம்.

ஒரே கருவியை ஒரே வேலைக்கு என்று இறுக்கிப் பிடிப்பது. ஜெர்மன், டெஃபெய்ட்டர் என்பவர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பொருளை வேறு வேலைக்கு மாற்றிப் பயன்படுத்தும் சிக்கலில் 5 வயதுப் பிள்ளைகள் தடங்கவில்லை. 6, 7 வயதுக்காரர்கள், அந்தப் பொருளின் வழக்கமான வேலையை முதலில் பார்த்துவிட்டால் அதிலேயே நின்றுவிட்டார்கள். ஆகவே அகப்பையால் மண் அள்ளும் 5 வயதுப் பிள்ளையைத் திட்டாதீர்கள். பழைய அகப்பை ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். கூர்மையான கருவிக்கு மட்டும் விதிவிலக்கு கிடையாது, அது அதன் வேலைக்கு மட்டும்தான்.

10. எடுத்து வைப்பதும் அடுத்த கருவியும்

பிடிப் பக்கமாக நீட்டிக் கொடுப்பது, மண்ணைத் துடைப்பது, அதனதன் ஆணியில் மாட்டுவது: இந்த மூன்றையும் முதல் நாளே வேலையோடு சேர்த்துக் காட்டுங்கள். தனியாகப் பின்னால் சொன்னால் அது வேலைக்கு வெளியே நிற்கும், பிள்ளை செய்யாது. ஆணியைப் பிள்ளையின் உயரத்தில் அடியுங்கள். கத்திக்கு மட்டும் உங்கள் உயரம்.

அடுத்த கருவிக்கு எப்போது போகலாம்? வேலை செய்யும்போது பிள்ளை தன் கையைப் பார்க்காமல் பொருளைப் பார்க்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கருவியை நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டும். முடித்ததும் தானே மாட்ட வேண்டும். இரண்டாவது மட்டும் வரவில்லை என்றால், மற்றதெல்லாம் எவ்வளவு அழகாகச் செய்தாலும் கூர்மையானது எதையும் கொடுக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள்கணக்கில் வீட்டுக்குள் இருந்துவிட்டுத் தோட்டத்துக்கு வரும் பிள்ளையை விட்ட இடத்தில் தொடங்க விடாதீர்கள். களைக்கொத்து பழகியிருந்தாலும் கொட்டாங்கச்சியிலிருந்து ஒருமுறை ஏறி வரட்டும். பழகிய கை சீக்கிரமே பழைய இடத்துக்கு வந்துவிடும்.